யாருக்காகவோ எழுதிய கணக்கு

டெக்சாஸில் பத்து ஏக்கர் வாங்கி, வேலி போட்டு, வீடு கட்டிக் குடியேறியவருக்கு அந்த மண்ணுக்கு அடியில் இருக்கும் எண்ணெயில் ஒரு சொட்டுகூடச் சொந்தமில்லாமல் போகலாம். எப்போதோ அந்த நிலத்தை விற்றுவிட்டுப் போன குடும்பத்தின் பேரப்பிள்ளைகளுக்கு அது சொந்தமாக இருக்கும். அவர்களில் ஒருவர் சிகாகோவில் இருப்பார், இன்னொருவர் புளோரிடாவில். அந்த நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் மாதாமாதம் ஒரு எண்ணெய் நிறுவனத்திடமிருந்து காசோலை வந்துகொண்டிருக்கும்.

அமெரிக்கச் சட்டத்தில் தரை ஒரு சொத்து, தரைக்குக் கீழே உள்ள கனிமம் வேறொரு சொத்து. இரண்டையும் பிரித்து விற்கலாம், உயில் எழுதலாம், பாகம் பிரிக்கலாம். ஸ்பானிய ஆட்சியில் கனிமமெல்லாம் அரசருக்கு என்று இருந்ததை டெக்சாஸ் 1866-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் நிலத்துக்காரர்களுக்கே விட்டுக்கொடுத்தது. மேற்கு மாநிலங்களில் கதை வேறு. அங்கே 1916-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி குடியேறிகளுக்கு 640 ஏக்கர் வரை மேய்ச்சல் நிலத்தை வழங்கிய மத்திய அரசு, அடியில் உள்ளதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நம் ஊரில் இந்தச் சிக்கலே இல்லை. நரிமணத்தில் ஒருவர் வயலில் எண்ணெய்க் கிணறு தோண்டினால் நிலத்தைப் பயன்படுத்தியதற்கான வாடகையோ இழப்பீடோ அவருக்குக் கிடைக்கும். எண்ணெய்க்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகும். தனிமனிதர் ஒருவர் தன் பெயரில் எண்ணெய் வைத்திருப்பதும், அது எவ்வளவு வந்தது என்று வீட்டில் உட்கார்ந்து கணினியில் சரிபார்ப்பதும் பெரும்பாலும் அமெரிக்காவுக்கே உரிய வழக்கம்.

சரிபார்க்க வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிகாகோவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பாட்டனார் மேற்கு டெக்சாஸின் ரீவ்ஸ் கவுன்டியில் 160 ஏக்கரை விற்றபோது கனிமத்தில் பாதியைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டார். அது 80 ஏக்கர் அளவுக்கான உரிமை. இரண்டு தலைமுறைப் பாகப்பிரிவினையில் அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது பத்து ஏக்கர், இவருக்கு வந்தது. நிறுவனத்தோடு போட்ட குத்தகையில் ராயல்டி கால் பங்கு. கிணற்றுக்காகப் பலருடைய நிலங்களைச் சேர்த்த தொகுப்பு 640 ஏக்கர். பத்தை 640-ஆல் வகுத்துக் காலால் பெருக்கினால் 0.00390625. அவருடைய காசோலைச் சீட்டில் எல்லா வரிகளிலும் நிற்கும் எண் இதுதான். கிணற்றிலிருந்து வரும் ஒவ்வோர் ஆயிரம் பீப்பாயிலும் இவருக்குச் சுமார் நான்கு பீப்பாய். அந்த ஆயிரம் உண்மையில் ஆயிரம்தானா என்பதைச் சீட்டை அனுப்பும் நிறுவனமே சொல்கிறது. பணம் கொடுப்பவரும் அளந்து சொல்பவரும் ஒருவரே என்றால், மூன்றாவது ஓரிடத்தில் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றும்.

டெக்சாஸில் அந்த மூன்றாவது இடம் ரயில்ரோடு கமிஷன். 1891-இல் ரயில் கட்டணங்களை ஒழுங்குபடுத்த அமைத்த ஆணையம் இது. ரயில் சம்பந்தப்பட்ட கடைசி அதிகாரமும் 2005-இல் வேறு துறைக்குப் போய்விட்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை. இன்று அதன் பெரும் வேலை எண்ணெயும் எரிவாயுவும்தான். அதன் இணையதளத்தில் 1993 ஜனவரி முதல் ஒவ்வொரு குத்தகையிலும் மாதாமாதம் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு எரிவாயு எடுத்தார்கள் என்பதைக் கட்டணமில்லாமல் யாரும் தேடிப் பார்க்கலாம். உரிமையாளராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இப்படிப்பட்ட கணக்கு எதற்காக உருவானது என்று தெரிந்துகொண்டால்தான் அதைப் படிக்க முடியும். கனிம உரிமையாளர்களைக் காப்பாற்றுவதற்காக அது உருவாகவில்லை. 1930 அக்டோபரில் கிழக்கு டெக்சாஸில் டெய்சி பிராட்ஃபோர்ட் 3 என்ற கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. அதைத் தோண்டிய கொலம்பஸ் ஜாய்னர் ஒரே கிணற்றின் பங்குகளை மொத்தத்துக்கும் மேலாகப் பலருக்கு விற்றிருந்தார் என்பது தனிக்கதை. கிணற்றுக்கு அடியில் இருந்தது அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல். அன்று நடைமுறையில் இருந்த சட்டம், யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கே எண்ணெய் என்றது. 1889-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் எண்ணெயையும் எரிவாயுவையும் வேலி தாண்டி ஓடும் காட்டு விலங்குகளுக்குச் சமமாக வைத்துப் பேசியிருந்தது. பக்கத்து நிலத்திலிருந்து நகர்ந்து வந்தாலும், பிடித்தவருக்குத்தான் சொந்தம். ஆகவே கிழக்கு டெக்சாஸில் எல்லோரும் ஒரே சமயத்தில் தோண்டினார்கள். சந்தையில் எண்ணெய் வெள்ளமாய்ப் பெருகியது, விலை அடிமட்டத்துக்குப் போனது, நிலத்தடி அழுத்தமும் வேகமாகக் கரைந்தது. 1931 ஆகஸ்டில் ஆளுநர் ராஸ் ஸ்டெர்லிங் தேசியக் காவல் படையை அனுப்பிக் கிணறுகளை மூட வைத்தார்.

அதற்குப் பிறகு கமிஷன் ஒவ்வொரு குத்தகைக்கும் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று மாத உச்சவரம்பு வைத்தது. வரம்பை மீறி எடுத்து இரவோடு இரவாகக் கடத்திய எண்ணெய்க்கு ‘சூடான எண்ணெய்’ என்று பெயர் வந்தது. அதை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுக்க 1935-இல் மத்தியச் சட்டமே வந்தது. வரம்பு வைத்தால் கணக்கு வாங்க வேண்டும். யார் எவ்வளவு எடுத்தார், எந்தக் குழாயில் யாருக்கு விற்றார், தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று மாதாமாதம் எழுதித் தரச் சொன்னார்கள். அந்தப் படிவத்தின் வழித்தோன்றல்தான் இன்று நிறுவனங்கள் தாக்கல் செய்யும் பி.ஆர். என்ற மாத அறிக்கை. உச்சவரம்பு 1972-லிருந்து பெரும்பாலும் நூறு சதவீதமாகிப் பெயரளவுக்கு ஆகிவிட்டது. கணக்கு மட்டும் தொடர்கிறது.

இந்த வரலாறு ஆசிரியையின் கணினித் திரையில் எப்படித் தலைகாட்டும் என்றால், டெக்சாஸில் எண்ணெய்க் கணக்கு கிணற்றுவாரியாக இல்லை, குத்தகைவாரியாக இருக்கிறது. வரம்பு குத்தகைக்கு என்பதால் அறிக்கையும் குத்தகைக்கு. எரிவாயுக் கிணறுகளுக்கு மட்டும் தனித்தனிக் கணக்கு உண்டு. ஒரு குத்தகையில் ஆறு எண்ணெய்க் கிணறுகள் இருந்து, அந்த மாதம் மொத்தம் 40,000 பீப்பாய் வந்தது என்றால், பொதுப் பதிவேட்டில் 40,000 என்ற ஒரே எண்தான் இருக்கும். எந்தக் கிணறு கொட்டியது, எந்தக் கிணறு சொட்டியது என்று அதில் தெரியாது. பணம் வாங்கிக்கொண்டு தகவல் தரும் தளங்கள் கிணற்றுவாரியாக எண்களைப் போட்டுக் காட்டுகின்றனவே என்று கேட்கலாம். ஒவ்வொரு கிணற்றுக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் ஒருநாள் சோதனை நடத்தி அறிக்கை தர வேண்டும். அந்தச் சோதனை முடிவின் விகிதத்தில் மொத்தத்தைப் பிரித்துப் போட்ட மதிப்பீடுதான் அந்த எண்கள். அளந்த எண்ணைப் போலவே கடைசி இலக்கம் வரை திரையில் பளிச்சென்று நிற்பதால் பலரும் அதை அளவு என்றே நம்பிவிடுகிறார்கள். என் பார்வையில், இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர் முதலில் கற்க வேண்டியது அளந்ததையும் பிரித்துப் போட்டதையும் வேறுபடுத்தத்தான்.

வடக்கு டகோட்டாவில் நிலைமை மேல். அங்கே ஒவ்வொரு கிணற்றுக்கும் தனியாக எண்ணெய், எரிவாயு, கூடவே வரும் உப்புநீர், கிணறு ஓடிய நாட்கள் எல்லாம் மாதாமாதம் பதிவாகின்றன. ஆனால் புதுக் கிணற்றின் விவரத்தை நிறுவனம் ஆறு மாதம் வரை இரகசியமாக வைத்துக்கொள்ளலாம். பக்கத்து நிறுவனம் நோட்டம் பார்க்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஓக்லஹோமாவில் கிணறு முடித்த விவரம் கார்ப்பரேஷன் கமிஷனில் இருக்கும். எவ்வளவு எடுத்தார்கள் என்பது வரித்துறையிடம் இருக்கும், ஏனெனில் அங்கே அந்தக் கணக்கு வரிக்காகப் பிறந்தது. பென்சில்வேனியாவில் 2010 வரை உற்பத்தி விவரம் ஐந்தாண்டுகள் மூடி வைக்கும் இரகசியம். மார்செல்லஸ் ஷேல் பாறையின் மேல் குடியிருந்தவர்கள், தங்கள் அடியில் எவ்வளவு எரிவாயு இருக்கிறது என்பதற்கு எந்தச் சான்றும் கையில் இல்லாமலே குத்தகையில் கையெழுத்திட்டார்கள். சட்டம் மாறி, விவரம் இணையத்தில் ஏறியபோது பலருடைய குத்தகைப் பேரம் ஏற்கெனவே முடிந்திருந்தது.

ஆசிரியையிடம் திரும்புவோம். கமிஷனின் தளத்தில் அவர் தன் பெயரைத் தட்டச்சு செய்தால் ஒன்றும் வராது. எண்ணெய்ப் பதிவேட்டில் உரிமையாளர் பெயருக்கு இடமே இல்லை. காசோலைச் சீட்டில் உள்ள சொத்து எண்ணைப் போட்டாலும் வராது. அது நிறுவனம் தன் வசதிக்கு வைத்த எண். குத்தகையின் பெயரோ பாட்டனார் காலத்து நிலக்காரர் எவருடையதாகவாவது இருக்கும், இல்லாவிட்டால் நிறுவனத்தில் யாரோ விளையாட்டாக வைத்ததாக இருக்கும். தேடுவதற்கு நம்பகமான பிடி நிலத்தின் விவரணைதான். டெக்சாஸில் முதலில் அளந்து வழங்கிய ஒவ்வொரு நிலத் துண்டுக்கும், அதாவது சர்வேக்கும், ஒரு பெயரும் ஓர் அப்ஸ்ட்ராக்ட் எண்ணும் உண்டு. பழைய ஸ்பானிய அளவான ‘வாரா’வில் தூரம் குறித்த பத்திரங்கள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. ஒரு வாரா 33 அங்குலத்துக்குச் சற்று மேல். ஓக்லஹோமாவிலும் வடக்கு டகோட்டாவிலும் ஆறு மைல் சதுரமாக அளந்து, அதை 640 ஏக்கர் செக்‌ஷன்களாக வெட்டியிருப்பதால் எல்லாம் கட்டம் கட்டமாக நேராக இருக்கும். டெக்சாஸ் வரைபடத்தில் சர்வேக் கோடுகள் பல இடங்களில் சாய்ந்தும் வளைந்தும் போகும்.

கமிஷனின் வரைபடத் தளத்தில் அந்தச் சர்வேயைக் கண்டுபிடித்தால் அதன் மேல் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். புள்ளி, துளையிட்ட இடம். அதிலிருந்து நீளும் கோடு, கிணறு பூமிக்கடியில் படுக்கையாகப் போகும் வழி. இந்தக் கோடு இரண்டு மைல் நீளம்கூடப் போகும். ஆகவே உங்கள் நிலத்தின் மேல் ஓர் இரும்புக் குழாயும் இல்லாமல், உங்கள் எண்ணெய் பக்கத்து நிலத்தில் இருக்கும் வாய் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். புள்ளியை மட்டும் பார்த்து, நம் நிலத்தில் ஒன்றும் இல்லை என்று தளத்தை மூடிவிடுகிறவர்கள் உண்டு. கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கோட்டின் மேல் சொடுக்கினால் கிடைப்பது ஏ.பி.ஐ. எண். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த முறை அது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த மூன்று கவுன்டி, அதற்கடுத்த ஐந்து அந்தக் கிணறு. 42-389 என்று தொடங்கினால் டெக்சாஸின் ரீவ்ஸ். 33-053 என்றால் வடக்கு டகோட்டாவின் மெக்கென்சி. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் குறியீட்டில் 42 என்பது பென்சில்வேனியா. டெக்சாஸுக்கு அங்கே 48. இரண்டு பட்டியல்களையும் கலந்துவிட்டால் டெக்சாஸ் கிணற்றை 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் தேட நேரும். ஏ.பி.ஐ. எண் கிடைத்ததும் அதோடு இணைத்த குத்தகை எண் தெரியும். அதைக் கமிஷனின் மாவட்ட எண்ணோடு சேர்த்துக் கொடுத்தால் மாத அட்டவணை திறக்கும். எண்ணெய்க் குத்தகை எண்கள் மாவட்டத்துக்குள் மட்டும்தான் தனித்துவமானவை. மாவட்டத்தை விட்டுவிட்டுத் தேடினால் வேறு யாருடைய கிணறோ வந்து நிற்கும். புதுக் கிணறாக இருந்து ஆவணங்கள் இன்னும் முடியவில்லை என்றால் குத்தகை எண்ணே இருக்காது. அப்போது துளையிடும் அனுமதி எண்ணின் கீழ்தான் உற்பத்தி தேங்கிக் கிடக்கும்.

இவ்வளவு தேடியும் வழி அடைபட்டால் வேறொரு வாசல் இருக்கிறது. டெக்சாஸில் உற்பத்தியில் இருக்கும் கனிமப் பங்குக்குச் சொத்து வரி உண்டு. ஆகவே கவுன்டியின் மதிப்பீட்டு அலுவலகம் உரிமையாளர் பெயர், அவருடைய பங்கு, குத்தகை எண் மூன்றையும் ஒரே வரியில் வைத்திருக்கும். ஆசிரியையின் பெயர் தானாகவே பதிவாகியிருக்கும் பொது ஆவணம் இது. இதன் மறுபக்கத்தைப் பிறகு சொல்கிறேன்.

மாத அட்டவணை திறந்துவிட்டது. இனிமேல்தான் அறிவியல்.

ஆசிரியையின் கிணறு ஷேல் பாறையில் தோண்டியது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாறையில் துளைகள் மிக நுண்ணியவை. நல்ல மணற்கல்லோடு ஒப்பிட்டால் அதன் ஊடுருவு திறன் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குறைவாக இருக்கும். அதிலிருந்து எண்ணெய் தானாக வராது. மணலும் இரசாயனமும் கலந்த நீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைக்கிறார்கள். நீரியல் விரிசல் என்று நாம் கேள்விப்பட்டது இதைத்தான். மேற்கு டெக்சாஸில் ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி கேலனுக்கும் மேல் நீர் போகும். விரிசலின் சுவரை ஒட்டி இருக்கும் எண்ணெய் முதல் வாரங்களில் வேகமாக வந்துவிடும். அதற்குப் பிறகு வர வேண்டியது தொலைவிலிருந்து, அந்த நுண்துளைகள் வழியாக ஊர்ந்து வர வேண்டும். விரிசல் சுவரை நோக்கி நேராகப் பாயும் இந்தக் கட்டத்தில், உற்பத்தி வேகம் காலத்தின் இருபடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். நான்கு மடங்கு காலம் போனால் வேகம் பாதி. முதல் மாதத்தில் வந்ததில் பாதி நான்காம் மாதத்தில், கால் பங்கு பதினாறாம் மாதத்தில். பின்னர் பக்கத்துப் பக்கத்து விரிசல்கள் வடிக்கும் பகுதிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். புதிதாக வடிக்க இடம் இல்லாததால் சரிவு வேறு வடிவத்துக்கு மாறும்.

இந்தச் சரிவுகளை ஒரே சமன்பாட்டுக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவர் ஜே.ஜே. ஆர்ப்ஸ் என்ற பொறியாளர். அவருடைய கட்டுரை 1945-இல் வெளியானது. ஷேல் கிணறுகளை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் இன்று கோடிக்கணக்கான டாலருக்குக் கிணறுகளை மதிப்பிடுகிறவர்களும், விரிதாளில் தடுமாறும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அவருடைய வளைவைத்தான் வரைகிறார்கள். எளிய வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நாளுக்கு 1,000 பீப்பாய். t ஆண்டுகளுக்குப் பிறகு, ஆயிரத்தை (1 + 2t) ஆல் வகுத்தால் வருவது. ஓராண்டு முடிவில் 333 பீப்பாய். இரண்டாண்டில் 200, ஐந்தாண்டில் 91, பத்தாண்டில் 48. மொத்தமாகக் கூட்டினால் முதல் ஆண்டில் சுமார் இரண்டு லட்சம் பீப்பாய், பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சம். பத்தாண்டுகளில் வருவதில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் முதல் ஆண்டிலேயே வந்துவிடுகிறது.

ஆசிரியையின் 0.00390625 பங்குக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முதல் மாதம் கிணற்றிலிருந்து சுமார் 28,000 பீப்பாய், அவருக்கு 109 பீப்பாய், பீப்பாய் 70 டாலர் என்றால் 7,600 டாலர். ஐந்தாம் ஆண்டு முடிவில் மாதத்துக்குச் சுமார் 750 டாலர். முதல் காசோலையைப் பார்த்துவிட்டு வீட்டுக் கடன் வாங்கியவர்களின் கதைகள் ஷேல் வயல்களில் நிறைய உண்டு. அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. வளைவின் போக்கு அதுதான்.

இந்தச் சமன்பாட்டுக்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. மேலே சொன்ன வடிவத்தை முடிவில்லாமல் நீட்டினால் மொத்த எண்ணெய் முடிவிலியாகிவிடும். பூமிக்கடியில் முடிவிலி எண்ணெய் இல்லை என்பதால், ஏதோ ஒரு கட்டத்தில் வேகமான வேறொரு சரிவுக்கு மாற்றிவிட வேண்டும். எப்போது மாற்றுவது என்பது மதிப்பிடுபவரின் கையில். கிணற்றை விற்பவர் தாமதமாக மாற்றுவார், வாங்குபவர் சீக்கிரம் மாற்றுவார். ஒரே கிணறு, ஒரே பதிவேடு, இரண்டு விலை.

கிணறு முடிந்ததும் தாக்கல் செய்யும் அறிக்கையில் 24 மணி நேரச் சோதனை எண் ஒன்று இருக்கும். நிறுவனங்கள் முதலீட்டாளர்களிடம் பெருமையாகச் சொல்வது அதைத்தான். அதற்குப் பக்கத்திலேயே ‘சோக்’ என்று ஓர் எண் இருக்கும். கிணற்று வாயில் எண்ணெய் பாய விட்ட துளையின் விட்டம், அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு என்ற அலகில். துளையை அகலத் திறந்தால் ஒருநாள் எண் பெரிதாகும். துளையின் அளவைப் பார்க்காமல் இரண்டு கிணறுகளின் சோதனை எண்களை ஒப்பிடுவது வீண் வேலை.

அட்டவணையில் வளைவை மீறும் மாதங்கள்தான் அதிகம் சொல்லும். திடீரென்று இரண்டு மாதம் பூச்சியம், பிறகு மீண்டும் உற்பத்தி என்று இருந்தால் பக்கத்தில் புதுக் கிணற்றுக்கு நீரியல் விரிசல் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். புதுக் கிணற்றின் அழுத்த நீர் பழைய விரிசல்களுக்குள் புகுந்துவிடும் என்பதால் பழையதை முன்கூட்டியே மூடி வைப்பார்கள். அது நடந்ததா என்று ஃப்ராக்ஃபோகஸ் என்ற தளத்தில் பார்க்கலாம். 2011-இல் தொடங்கிய அது, எந்தக் கிணற்றில் எந்தத் தேதியில் எவ்வளவு நீரும் என்னென்ன இரசாயனமும் செலுத்தினார்கள் என்பதைச் சொல்கிறது. நிலத்தடி நீர் பற்றிய கவலைக்காக உருவான தளம். உரிமையாளர்கள் தங்கள் காசோலை குறைந்த காரணத்தைத் தேடி அங்கே போகிறார்கள்.

பூச்சியம் தொடர்ந்து நீண்டால் அது வேறு விஷயம். குத்தகையின் முதல் காலம் முடிந்த பின், உற்பத்தி இருக்கும் வரைதான் குத்தகை உயிரோடு இருக்கும். உற்பத்தி நின்று, ஒப்பந்தத்தில் சொன்ன அவகாசமும் கடந்து, நிறுவனம் வேலை எதுவும் தொடங்கவில்லை என்றால் குத்தகை காலாவதியாகலாம். கனிமம் முழுதாக உரிமையாளரிடம் திரும்பும், அவர் வேறொருவருக்கு நல்ல விலைக்குக் கொடுக்கலாம். உற்பத்தியைவிடப் பூச்சியம் அதிக மதிப்புள்ளதாக ஆகும் இடம் இது. ஆனால் கடைசி இரண்டு மூன்று மாதங்களின் எண்களை வைத்து வழக்கறிஞரிடம் ஓடக் கூடாது. அறிக்கைகள் தாமதமாக வரும், திருத்தி மறுபடி வரும். டெக்சாஸ் பதிவேட்டில் அண்மை மாதங்கள் எப்போதுமே உண்மையைவிடக் குறைந்துதான் தோன்றும்.

பூச்சியத்தைவிடச் சங்கடமானது, உற்பத்திக்கும் விற்பனைக்கும் உள்ள இடைவெளி. பதிவேட்டில் இருப்பது எடுத்த எண்ணெய். காசோலையில் இருப்பது விற்ற எண்ணெய். மாதக் கடைசியில் தொட்டியில் நிற்பது அடுத்த மாதக் கணக்குக்குப் போகும். எரிவாயுவில் இடைவெளி இன்னும் பெரிது. கொஞ்சம் குத்தகையிலேயே இயந்திரம் ஓட்ட எரியும், கொஞ்சம் வெறுமனே கொளுத்தப்படும். நல்லவேளையாக டெக்சாஸ் படிவத்தில் எரிவாயு எங்கே போனது என்று குறியீட்டோடு எழுத வேண்டும். தன் எரிவாயுவில் எவ்வளவு வானத்தில் எரிந்தது என்பதை ஆசிரியையே எண்ணாகப் பார்க்கலாம். அலகையும் கவனிக்க வேண்டும். இங்கே எம்.சி.எஃப். என்பதில் எம் என்பது ரோம இலக்கத்து ஆயிரம். ஆயிரம் கன அடி. அதைப் பத்து லட்சம் என்று எடுத்துக்கொண்டு கோடீஸ்வரக் கனவு கண்டவர்கள் இருக்கிறார்கள்.

பதிவேடு தொட்டியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் என்ன விலைக்கு விற்றார்கள், என்னென்ன கழித்தார்கள் என்பது அதில் இல்லை. மாநில வரி தெரிந்ததுதான்: டெக்சாஸில் எண்ணெய்க்கு 4.6 சதவீதம், எரிவாயுவுக்கு 7.5. இதை வசூலிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகமும் குத்தகைவாரியான கணக்கை இணையத்தில் தேட விடுகிறது. கமிஷனுக்கு ஓர் அளவும் வரி அலுவலகத்துக்கு வேறோர் அளவும் போயிருந்தால் கேள்வி கேட்க அதுவே போதும். ஆனால் எரிவாயுவைத் திரட்ட, அழுத்த, சுத்திகரிக்க, குழாயில் அனுப்ப ஆன செலவில் உரிமையாளர் பங்கைக் கழிக்கலாமா என்பது குத்தகைப் பத்திரத்தின் ஒரு வரியைப் பொறுத்தது. ‘கிணற்று வாயில் சந்தை மதிப்பு’ என்று எழுதியிருந்தால், கழிக்கக் கூடாது என்ற சொற்கள் பின்னால் இருந்தும்கூட டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1996-இல் கழிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பென்சில்வேனியாவில் எட்டில் ஒரு பங்கு ராயல்டி சட்டப்படி கட்டாயம். அந்த எட்டில் ஒன்றிலும் செலவைக் கழிக்கலாம் என்று 2010-இல் அந்த மாநில நீதிமன்றம் சொன்னது. உற்பத்தி எண் துல்லியமாகப் பொருந்தியும் காசோலை பாதியாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான்.

மதிப்பீட்டு அலுவலகப் பட்டியலின் மறுபக்கம் என்று சொன்னேனே, அது இதுதான். கனிமப் பங்குகளை வாங்கி விற்கும் நிறுவனங்கள் அந்தப் பட்டியலை மொத்தமாக வாங்கி வைத்திருக்கின்றன. ஒருபக்கம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, மறுபக்கம் கமிஷனுக்கு வரும் டபிள்யூ-1 படிவங்களைத் தினமும் பார்க்கின்றன. புதுக் கிணறு தோண்ட அனுமதி கேட்கும் படிவம் அது. ஒரு சர்வேயில் நான்கு அனுமதிகள் விழுந்தால், அந்தச் சர்வேயில் பங்குள்ளவர்களுக்கு, அவர்கள் சிகாகோவில் இருந்தாலும் புளோரிடாவில் இருந்தாலும், ஏக்கருக்கு இவ்வளவு தருகிறோம் என்று கடிதம் போகும். திறந்த பதிவேடு என்றால் அது உரிமையாளருக்கும் திறந்திருக்கிறது, அவரிடம் வாங்க வருபவருக்கும் திறந்திருக்கிறது. வேறுபாடு, ஒருவர் அதைத் தினமும் படிக்கிறார், மற்றவர் கடிதம் வந்த பிறகு படிக்கிறார்.

கடிதம் வந்த அன்று ஆசிரியை செய்யக்கூடியது அரை மணி நேர வேலை. வரைபடத்தில் தன் சர்வேயைத் திறந்து புது அனுமதிக் கோடுகள் விழுந்திருக்கின்றனவா, அவை தன் பத்து ஏக்கரைக் கடக்கின்றனவா என்று பார்க்கலாம். சுற்றியுள்ள இரண்டு மூன்று மைலில் அதே பாறைப் படலத்தில் முடித்த கிணறுகளின் முதல் ஆண்டுக் கணக்கை எடுத்து, கிணற்றின் படுக்கை நீளத்தால் வகுத்து ஒப்பிடலாம். வந்த விலை எத்தனை மாத ராயல்டிக்குச் சமம் என்று போட்டுப் பார்க்கலாம். அனுமதி வாங்கியவர் தோண்டியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். டெக்சாஸில் துளையிடும் அனுமதி இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும். எண்ணெய் விலை விழுந்த ஆண்டுகளில் அப்படிக் கலைந்துபோன அனுமதிகளும் அதே தளத்தில், தேதியோடு, தேடினால் கிடைக்கின்றன.